கேட்காமல் வந்த இறைச்சி

ஒரு வெள்ளிக்கிழமை காலை எங்கள் வீட்டுப் படலையின் கொளுக்கியில் மாட்டிறைச்சிப் பொட்டலம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றி, சிவப்பு நைலோன் கயிற்றால் கட்டி, கயிற்றிலேயே ஒரு கண் போட்டு நேர்த்தியாக மாட்டியிருந்தார்கள். தாளின் அடிப்பக்கம் ஊறிச் சொட்டிய இடத்தில் மணலில் எறும்பு கூடியிருந்தது. யாரும் படலையைத் தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. கடையில் நாங்கள் சொல்லி வைத்திருக்கவும் இல்லை. கிண்ணியாவில் வெள்ளிக்கிழமை ஒரு வீட்டுக்கு இறைச்சி வந்தால் அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வாசிக்கிறவர்கள் நினைக்கலாம். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த நான் விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். ஏன் ஓடினேன் என்று சொல்வதற்கு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமி என்றால் என் கணவரின் தாய். நான் திருகோணமலை டவுனில் பிறந்து வளர்ந்து, பாதைப் படகில் கடல்வாயைக் கடந்து கிண்ணியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த புதிதில் மாமியைக் கண்டாலே எனக்குக் கை கால் ஓடாது. குரல் தெரு முனை வரை கேட்கும். பிடிக்காத கறியை வாயில் வைத்துவிட்டு, "இது ஆருக்கு ஆக்கின, எங்களுக்கா, ஆட்டுக்கா?" என்று கேட்பார். ஊரில் யாருடைய கதைக்கும் தலையாட்டாதவர், யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஒருவர் ஊரையே ஏமாற்றி ஓர் உயிரைப் பொத்தி வைத்திருப்பார் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

என் கணவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். அவரோடு அங்கே வேலை செய்த ஒரு தமிழர், இரண்டு பேரும் ஒரே தேநீரை இரண்டு கோப்பையில் பிரித்துக் குடிக்கிற அளவுக்கு ஒட்டு. அந்த மனிதரின் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஒருநாள் மத்தியானம் தன் கணவர் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பார்சலைக் கொடுக்க அக்கா சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போயிருக்கிறார். அவர் வெளியே வந்து பார்சலைக் கையில் வாங்குவதற்குள் ஒரு வாகனம் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, ஆளுக்கொரு கையைப் பிடித்து, தெரிந்தவரைக் கூட்டிப்போவது போல ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இருவரில் ஒருவனை அக்காவுக்குத் தெரியும். அவர்கள் வீட்டு ரேடியோவைத் திருத்த வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவன். அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த வருடங்களில் எல்லாப் பக்கத்திலும் அப்படி ஆட்கள் இருந்தார்கள்.

அக்கா பொலிசில் சொன்னார், பிறகு ஒரு சட்டத்தரணியிடம் சொன்னார். அவன் மேல் வழக்கு வந்தது. வாசலில் நின்று பார்த்த வேறு இரண்டு பேரும் சாட்சி சொல்வதாகத்தான் இருந்தார்கள். ஒருவர் பேச்சை மாற்றிவிட்டு ஊரை விட்டுப் போனார். மற்றவர் சந்தைக்குப் போனவர், அவருடைய சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. சட்டத்தரணி என் கணவரைத் தனியே கூப்பிட்டு, "இனி இந்தப் பிள்ளை மட்டும்தான் சாட்சி. வழக்குத் தவணை வரும் வரைக்கும் டவுனில வச்சிருக்க ஏலாது" என்றார். என் கணவர் அன்று பின்னேரம் படகில் வந்து இறங்கும்போது அவரோடு அக்காவும் மகளும் இருந்தார்கள். உம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் படலையிலேயே நின்றார். மாமி அவர்களை ஏற இறங்கப் பார்த்தார். "உள்ள வாங்க. தெருவில நிண்டு என்னத்தக் காட்டுறீங்க?" என்றார்.

ஒளித்து வைப்பது எங்கள் ஊரில் லேசான வேலை இல்லை. அடுத்த வீட்டில் என்ன கறி என்பது வேலியைத் தாண்டித் தெரிந்துவிடும். மாமி ஒரு இரவு முழுக்க யோசித்தார் என்று நினைக்கிறேன். காலையில் எழுந்து, கந்தளாய்ப் பக்கத்தில் இருக்கிற தன் தம்பியின் மகளுக்கு மாப்பிள்ளை மௌத்தாகிவிட்டார், அவள் இத்தா இருக்க இங்கே வந்திருக்கிறாள் என்று தெருவுக்கே கேட்கும்படி அழுது சொன்னார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அறையை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. எந்த ஆணும் அந்த அறைத் திரையைத் தொடமாட்டான். சோதனைக்கு வருகிற ஆயுதக்காரர்கூட, இத்தா என்று சொன்னால் வாசலில் தயங்கி நிற்பதை நான் கண்டிருக்கிறேன். வழக்குத் தவணையும் அந்த நாலு மாதத்துக்குள் வந்துவிடும். என் கணவர், "உம்மா, இது மார்க்க விஷயம், விளையாட்டில்ல" என்று முனகினார். "இந்தப் பொய்க்கு அல்லாட்ட நான் பதில் சொல்லிக்கிறன். நீ வாய மூடிட்டு இரி" என்றார் மாமி.

அக்காதான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமி வெள்ளைச் சீலையை எடுத்து நீட்டியபோது அவர் சுவரோடு ஒதுங்கிக்கொண்டார். "அவர் உயிரோட இருக்கிறார் மாமி. நான் எப்பிடி வெள்ளை கட்டுறது?" என்று கேட்ட குரல் இப்போதும் எனக்கு அப்படியே கேட்கிறது. மாமி கோபப்படவில்லை. "சீல கட்டினா மாப்பிள்ள செத்துப்போக மாட்டார் புள்ள. மழைக்குக் குட பிடிக்கிற மாதிரித்தான் இது" என்றார். அக்கா கட்டினார். பொட்டைத் தானே அழித்தார். தாலியை மட்டும் கழற்ற மறுத்துவிட்டார். மாமி அதைத் துணியில் சுற்றிச் சட்டைக்குள் தைத்துக் கொடுத்தார். மகளுக்கு அம்மாவை உம்மா என்று கூப்பிடப் பழக்கினோம். அக்காவின் பேச்சு தமிழாட்களின் பேச்சு, வாயைத் திறந்தால் தெரிந்துவிடும் என்பதால், துக்கத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். ஆறுதல் சொல்ல வருகிற பெண்கள் சீனி, தேயிலையோடு வந்து, அவர் முன்னால் இருந்து அழுதுவிட்டுப் போனார்கள். அவரும் அழுதார். அதற்கு நடிக்கத் தேவையிருக்கவில்லை.

எல்லாவற்றையும் யோசித்த எங்களுக்கு வெள்ளிக்கிழமை மட்டும் தட்டுப்படவில்லை. கணவர் திரும்பி வர வேண்டும் என்று அக்கா டவுனில் காளிகோவிலில் நேர்ந்திருந்தார். அவர் வரும் வரைக்கும் வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடுவதில்லை, ஒருநேரச் சோறுதான். இதை அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. முதல் வெள்ளிக்கிழமை வெறும் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டதைக் கண்டு மாமி கேட்டுத்தான் தெரிந்தது. "எங்கட ஊட்ட வந்து ஒரு புள்ள உப்புச் சோறு திண்டெண்டா எனக்கு என்ன மரியாத?" என்று மாமி இறைச்சி படாத புதுச் சட்டி வாங்கி வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை முதல் வீட்டில் பருப்பு, கீரை, வாழைக்காய். "நேர்ச்சையோட இரிக்கிற புள்ளட மூக்குக்கு இறைச்சி மணம்கூடப் போகப்படா" என்று எங்களுக்கும் அதேதான். ஜும்ஆத் தொழுகை முடிந்து பசியோடு வருகிற என் கணவர் கீரையைக் கண்டதும் விடுகிற பெருமூச்சுக்கு அளவில்லை. நானும் மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை இறைச்சி வாங்காத வீடு கிடையாது. மாமியின் பங்கு, எலும்போடு விலாப்பக்கம், கடைக்காரர் கேட்காமலே எடுத்து வைப்பார். அந்தப் பங்கு வாரா வாரம் கேட்பாரில்லாமல் கிடந்தது. கடைக்காரர் பள்ளிவாசலில் வைத்து என் கணவரிடம், "என்ன தம்பி, உம்மாக்குச் சுகமில்லையா? இறைச்சிப் பக்கம் ஆளையே காணல்ல" என்று கேட்டிருக்கிறார். இவர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், மாமி டொக்டரின் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டார் என்று ஒரு பகிடியும் பிறந்தது. பகிடி நாலு வாய் மாறும், நாற்பது காதுக்குப் போகும். படகுத் துறையில் ஒருவன் மோட்டார்சைக்கிளோடு நின்று, சின்னப் பெண்பிள்ளையோடு ஒரு தமிழ்ப் பெண் இந்தப் பக்கம் வந்ததா என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரித்ததாக இவர் வந்து சொன்னார். பிறகு அந்த மோட்டார்சைக்கிள் எங்கள் தெருவால் மெதுவாகப் போகத் தொடங்கியது. ஓட்டுகிறவன் எந்த வீட்டையும் பார்க்கமாட்டான். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த நிலைமையில்தான் பொட்டலம் வந்தது. என் கணவர் கடைக்கு ஓடிப்போய்க் கேட்டார். "நான் அனுப்பல்ல. ஒரு ஆள் வந்து, அந்த ஊட்டுக்கு எந்தப் பங்கு போறது எண்டு கேட்டு வாங்கிட்டுப் போன. உங்கட சொந்தக்காரர் எண்டு நினச்சன்" என்று சொல்லியிருக்கிறார் கடைக்காரர். என் கணவர் திரும்பி வந்து இதைச் சொன்னபோது, இந்த வீட்டில் இறைச்சி தின்கிறார்களா என்று யாரோ சோதித்துப் பார்க்கிறார்கள் என்பது குசினியில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பொட்டலம் அம்மியின் மேல் கிடந்தது. மாமி அதன் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, "நான் பாத்த மரியாததான் இந்தப் புள்ளையக் காட்டிக் குடுத்திரிக்கி" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. உடனே எழும்பி அடுப்பை மூட்டினார். "ஆக்குவம். கறுவா, ஏலம் எல்லாம் கூடப் போடு. மணம் தெரு முழுக்கப் போகணும்."

ஜும்ஆ முடிந்து சற்று நேரத்தில் ஒரு பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நடுத்தர வயது, நிறம் மங்கிய சீலை, தலையில் முக்காடு. மூதூர்ப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் இருப்பதாகச் சொன்னார். "இத்தாவில ஒரு புள்ள இரிக்கெண்டு கேள்விப்பட்டன். எனக்கும் மாப்பிள்ள இல்ல. பாத்து ஆறுதல் சொல்லிட்டுப் போவம் எண்டு வந்தன்." குரல் மெத்தென்று இருந்தது. கண் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆறுதல் சொல்ல வருகிற பெண்ணைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் அதைவிட இல்லை. மாமி அவருக்குத் தனியாகக் கோப்பையில் சோறு போட வெளிக்கிட்டார். "என்னத்துக்குத் தனியா? நானும் இந்தப் புள்ளையும் ஒரு சஹனில சாப்பிடுவமே. துக்கத்தில இரிக்கிறவங்க தனியச் சாப்பிடப்படா" என்றார் வந்தவர். ஒரே பெரிய தட்டைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பக்கத்தில் கை வைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அதில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள், எதை ஒதுக்குகிறார்கள் என்பதை மறைக்க முடியாது.

அறைக்குள் பாய் விரித்துச் சஹனை வைத்தோம். அக்கா ஒரு பக்கம், அந்தப் பெண் எதிர்ப்பக்கம், மாமி நடுவில். அக்காவின் மகளை நான் மடியில் வைத்துக்கொண்டு, கன்னத்தைத் தடவுவது போல உள்ளங்கையை அவளுடைய வாய்க்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். "இவக்கு வயிறு சரியில்ல, ரெண்டு வாய்க்கு மேல ஏலாது" என்று மாமி தொடங்கினார். வந்தவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து, எலும்பில் இருந்து பிரித்து, அக்காவின் பக்கத்துச் சோற்றின் மேல் அன்பாக வைத்தார். மாட்டிறைச்சி. அக்கா பிறந்த நாளில் இருந்து தொட்டிராதது. அதுவும் வெள்ளிக்கிழமை. அக்காவின் விரல்கள் சோற்றுக்குள் அசையாமல் இருந்தன. அப்போது என் கையையும் மீறி அந்தச் சின்னப்பிள்ளை கேட்டுவிட்டது. "உம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ?"

வந்தவரின் கை நின்றது. மாமி கண்ணை மூடிக்கொண்டார். அத்தனை நாளும் வெளியாட்கள் முன்னால் வாய் திறக்காத அக்கா, முகத்தைத் தூக்கி மகளைப் பார்த்துச் சிரித்தார். "ஓம் மகள், வெள்ளிக்கிழமதான். அதுக்குத்தானே மாமி இறைச்சி ஆக்கிரிக்கா" என்றார். அச்சொட்டாக மாமியின் பேச்சு, மாமியின் இழுவை. திரைக்குப் பின்னால் இருந்து நாள் முழுக்கக் கேட்டுப் பழகியிருக்கிறார். சொல்லிக்கொண்டே பிஸ்மி சொல்லி அந்தத் துண்டை எடுத்து வாயில் வைத்தார். நிதானமாக மென்றார். விழுங்கினார். பிறகு சட்டியில் இருந்து இன்னொரு துண்டை எடுத்துப் பிய்த்து, பாதியை வந்தவரின் பக்கத்தில் வைத்துவிட்டு மீதியைத் தான் சாப்பிட்டார். சஹன் காலியாகும் வரை அவர் கையை எடுக்கவில்லை. வந்த பெண் போகும்போது படலையில் நின்று, "நல்ல புள்ள. நல்லாச் சாப்பிடுறா" என்று மாமியிடம் சொன்னார். அவர் வேவு பார்க்க வந்தவரா, உண்மையிலேயே ஆறுதல் சொல்ல வந்த ஏழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மோட்டார்சைக்கிள் எங்கள் தெருவுக்கு வரவில்லை.

படலை சாத்தியதும் அக்கா கிணற்றடிக்குப் போனார். சத்தி எடுப்பார் என்று நினைத்து நான் பின்னால் ஓடினேன். அவர் எடுக்கவில்லை. கையை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். மாமி வந்து அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினார். "அவரை இண்டைக்கு நான் விட்டிட்டன் மாமி" என்றார் அக்கா. "நீ உன்ட புள்ளையப் பிடிச்ச. ரெண்டு கையாலயும் பிடிச்ச" என்றார் மாமி. அக்காவுக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முறிந்த நேர்ச்சையைத் திரும்பத் தொடங்க முடியாது என்று சொல்லி, அடுத்த வெள்ளிக்கிழமையில் இருந்து எங்களோடு எல்லாம் சாப்பிட்டார். நாங்களும் இறைச்சி வாங்கத் தொடங்கினோம். மாமி சாப்பிடவில்லை. ஏன் என்று நான் குசினியில் வைத்துக் கேட்டேன். "அவ விட்டத நான் எடுத்திரிக்கன். அந்த மனிசன் ஊடு வந்து சேரும் வரைக்கும் வெள்ளிக்கிழமையில எனக்கு இறைச்சி இல்ல. நான் கேக்கிறது அல்லாட்டத்தான், அதில பிழையில்ல. நீ அவக்குச் சொல்லிராத. அவக்கு இரிக்கிற பாரம் போதும்."

தவணை நாளில் நானும் அக்காவும் பர்தா போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு முதல் படகில் டவுனுக்குப் போனோம். நீதிமன்றத்தில் அக்கா முகத்தைத் திறந்து, கையை நீட்டி, அவன்தான் என்று சொன்னார். கூண்டில் நின்றவன் அவரைப் பார்க்கவேயில்லை. பின் வரிசை வாங்கில் இருந்த என்னைத்தான் பார்த்தான். யார் வீட்டில் இவளை வைத்திருந்தார்கள் என்று கணக்குப் போடுகிற பார்வை அது. அன்றைக்கே சட்டத்தரணி அக்காவையும் மகளையும் மலைநாட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார். வழக்குத் தள்ளிப்போனது, நீதிபதி மாறினார், அவன் பிணையில் வந்தான், பிறகு வழக்கு என்ன ஆனது என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று. அவனை நான் பல வருடம் கழித்து டவுன் மீன்சந்தையில் கண்டேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னைக் கண்டு, தெரிந்தவருக்குச் செய்வது போலத் தலையை மெல்ல அசைத்தான். நான் மீன் வாங்காமல் திரும்பிவிட்டேன். அந்தச் சந்தைக்கு இப்போதும் தனியே போகமாட்டேன்.

மாமி தன் வாக்கை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கலியாண வீட்டில்கூடப் பருப்பும் சோறும்தான். கேட்கிறவர்களிடம் டொக்டர் வேண்டாம் என்று சொன்னதாகச் சொல்லுவார். டொக்டர் சொன்ன வேறு எதையும் அவர் கேட்டதில்லை. யுத்தம் முடிந்தது, கடல்வாயில் பாலம் வந்தது, பேரப்பிள்ளைகள் வளர்ந்து அவரைக் கேலி செய்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "ஏதும் கதை வந்ததா?" என்று என் கணவரிடம் கேட்பார். இவர் இல்லை என்று தலையாட்டுவார். அவ்வளவுதான்.

மாமி மௌத்தாகி ஆட்கள் வருவது குறைந்த பிறகு அக்கா மகளோடு வந்தார். உப்புவெளியில் இருக்கிறார்கள். மகள் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். அக்காவின் நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி வெளியே கிடந்தது. காணாமல் போனவர்களின் படங்களோடு வெயிலில் இருக்கிற பெண்களின் வரிசையில் அவரும் இருந்ததை நான் கண்டிருக்கிறேன். யாராவது, அவர் இருந்தபோது என்று பேச்செடுத்தால், "இருக்கிறார்" என்று திருத்துவார். மாமி கடைசியாக என்ன சாப்பிட்டவர் என்று என்னிடம் கேட்டார். வெள்ளிக்கிழமைதானே போனவர், கீரையும் சோறும் என்றேன். "வெள்ளிக்கிழமையிலயா கீரை?" என்று அவர் நிமிர்ந்து பார்த்தார். சொல்லாதே என்று சொன்னவர் போய்விட்டார். எனக்கும் இனித் தாங்கவில்லை. சொன்னேன், கிணற்றடியில் தொடங்கி மௌத்தாகிற வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

மகள் தாயின் தோளில் கையை வைத்தாள். வெளியே யாரோ கதிரைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. "இவ்வளவு வருஷமாவா?" என்று அக்கா கேட்டார். ஓம் என்றேன். "ஒரு வெள்ளிக்கிழமைகூட விடாமலா?" ஓம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப அவர் இல்லை, தங்கச்சி. வரக்கூடிய ஆளா இருந்தா, மாமிக்காகவெண்டாலும் வந்திருப்பார்."

சொல்லிவிட்டு, மாமியின் துக்கத்துக்கு வந்த வீட்டில் இருந்து, தன் கணவருக்காக அழத் தொடங்கினார்.